பழசு, புதுசு, பொன்மலை

திருச்சி தில்லைநகரில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த மாடி அறையில், ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர் வாழ்ந்துவந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வது அதன் வேலை. தானாக அது யாரையும் எதையும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று அதற்குத் தோன்றியதும் இல்லை.

அதன் சொந்தக்காரி நூருன்னிசா. கட்டடங்களுக்கும் தொட்டிகளுக்கும் எவ்வளவு கம்பி, எவ்வளவு கனம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் பொறியாளர். கல்லூரியில் சேர்ந்தபோது அவளுடைய அத்தா, அதாவது அப்பா, வாங்கிக் கொடுத்த கால்குலேட்டர் அது. இப்போது அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. கால்குலேட்டரின் மூடி எப்போதோ உடைந்துபோய் ஒரு ரப்பர் பேண்டின் தயவில் நின்றது. பொத்தான்களின் மேல் இருந்த எண்கள் பாதி அழிந்திருந்தன. அவள் பார்க்காமலே அமுக்குவாள்.

"இந்தப் பழசை எப்ப மேடம் விடுவீங்க?" என்று கதிரேசன் கேட்பான். அவன் அவளுடைய தொழில் பங்காளி. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே முடிப்பவன். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மேசையில் இருந்த மற்றப் பொருள்களும் அதைப் 'பழசு' என்றே அழைக்கத் தொடங்கின. பழசுக்கு அதில் வருத்தமில்லை. இத்தனை காலத்தில் ஒரு தடவைகூடத் தப்பாகப் பதில் சொன்னதில்லை என்ற பெருமை அதற்கு இருந்தது.

அந்த வருஷம் நூருன்னிசாவிடம் ஒரு நடைபால வேலை வந்தது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். பிள்ளைகள் லாரி ஓடும் சாலையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். குறுக்கே ஒரு பாலம் போட்டால் நேராக நடந்துவிடலாம்.

ஒரு காலையில் அவள் பாலத்தின் நீளத்தைப் போட்டாள். பதினேழு மீட்டர். பழசு கணக்குப் போட்டு விடையைக் காட்டியது. அவள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"இது பாலமா, அப்பளமா?"

பழசுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குக் கேட்டது 'ஒன்று' மட்டும்தான். ஒரு மீட்டர் பாலத்துக்கு அந்தக் கனம் போதும். அவள் மறுபடியும் போட்டாள். இந்தத் தடவை ஏழாம் எண் பொத்தானை நகம் வெளுக்கும்படி அமுக்கினாள். பதினேழு வந்தது. விடையும் ஒழுங்காக வந்தது.

பழசு உள்ளுக்குள் ஏழு என்ற பொத்தானைக் கூப்பிட்டது. "அவள் உன்னை அமுக்கினாளா, இல்லையா?"

"அமுக்கினாள். நானும் கீழே போனேன்" என்றது ஏழு.

"எனக்கு ஒன்றும் வரவில்லையே."

"என் அடியில் இருக்கிற ரப்பர் தேய்ந்துவிட்டது. நான் சொல்கிறேன். சில நேரம் உங்கள் காதுக்கு வந்து சேர்வதில்லை."

தனக்குக் காது என்று ஒன்று இருப்பதே பழசுக்கு அப்போதுதான் தெரிந்தது. எண்கள் தானாக வருகின்றன என்றுதான் அது நினைத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்" என்றது.

"என்னிடம் இருக்கிற சத்தம் இவ்வளவுதான்" என்றது ஏழு.

அன்றிலிருந்து நூருன்னிசா ஏழு வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தி அமுக்கி, திரையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். கதிரேசன் அதைக் கவனித்தான். சில வாரம் கழித்துப் புதுக் கால்குலேட்டர் ஒன்றை வாங்கி வந்து, டப்பாவைப் பிரித்து, பழசுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ரெண்டும் இருக்கட்டும் மேடம். உங்களுக்கு எப்ப மனசு வருதோ அப்ப மாத்திக்கங்க."

புதுசு பளபளவென்று இருந்தது. பின்னங்களைப் புத்தகத்தில் இருப்பதுபோலவே மேலும் கீழுமாக எழுதிக் காட்டும். பழசு அதனோடு பேசக் கூடாது என்று முடிவுசெய்தது. ஆனால் புதுசு வாய் ஓயாதது.

"அண்ணே, பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் நீங்களும் 'பிழை' என்றுதான் சொல்வீர்களா?"

"வேறு என்ன சொல்வது?"

"எனக்கு அந்த இடம் வரும்போது ஒரு மாதிரி இருக்கிறது. கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் தரையே இல்லாத மாதிரி. உங்களுக்கும் அப்படித்தானா?"

பழசு யோசித்தது. அப்படித்தான் இருக்கும் அதற்கும். ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை. "ம்" என்று மட்டும் சொன்னது.

"இன்னொன்று. நீங்கள் பாலம், பாலம் என்று எத்தனையோ கணக்குப் போட்டீர்களாமே. பாலம் என்றால் என்ன?"

"நீளம், அகலம், அதன் மேல் வரும் எடை" என்றது பழசு.

"அது எண்கள் அண்ணே. பாலம் எப்படி இருக்கும்?"

பழசு பதில் தேடியது. எத்தனையோ தொட்டிகள், தூண்கள், மண்டபங்கள், ஒரு பள்ளிவாசலின் மினாரா, எல்லாம் அதன் வழியாகத்தான் போயிருந்தன. ஒன்றைக்கூட அது பார்த்ததில்லை. கேட்டதற்குப் பதில் இல்லாமல் அது நின்றது அதுவே முதல் தடவை. தெரியாமல் நிற்பதும் அப்படியொன்றும் மோசமாக இல்லை என்பது அதற்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் நூருன்னிசா புதுசைப் பழகிப் பார்க்க நினைத்தாள். ஏற்கனவே முடித்த கணக்கைப் போட்டால் விடை சரிபார்க்க வசதி. அதனால் பாலத்தின் கணக்கையே எடுத்து முதலிலிருந்து புதுசில் போட்டுக்கொண்டு வந்தாள். எல்லாம் ஒத்துப்போனது. ஒரு வரியில் மட்டும் ஒத்துப்போகவில்லை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி போட்டாள். புதுசு அதே விடையைச் சொன்னது. பழசை எடுத்து, ஒவ்வொரு பொத்தானாக, திரையைப் பார்த்துக்கொண்டே போட்டாள். இரண்டு புள்ளி ஏழு ஐந்து என்று போட வேண்டிய இடம். ஏழு விழுந்துபோய், திரையில் இரண்டு புள்ளி ஐந்து என்று நின்றது. அன்றைக்கு அந்த வரியைப் போடும்போது ஃபோன் வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. பேசிக்கொண்டே போட்டிருக்கிறாள். பதினேழு ஒன்றானபோது விடை சிரிப்பாக இருந்தது. இது சிரிப்பாகவும் இல்லை, சந்தேகமாகவும் இல்லை. பாலத்தின் அடியில் போக வேண்டிய கம்பி இரண்டு குறைந்திருந்தது.

வரைபடம் போன வாரமே வேலை நடக்கும் இடத்துக்குப் போய்விட்டது. அவள் அங்கே மேற்பார்வை பார்க்கும் பிலவேந்திரனுக்கு ஃபோன் போட்டாள்.

"கம்பி கட்டியாச்சா?"

"கட்டியாச்சு மேடம். நாளைக்குக் காலைல கான்கிரீட். மிஷினுக்குச் சொல்லிட்டேன்."

"மிஷினை நிறுத்துங்க. அடிக்கம்பி ரெண்டு கூடப் போடணும். நானே வரேன்."

"என்ன மேடம், படத்துல தப்பா?"

"என் கணக்குல தப்பு. நல்லவேளை, நாளைக்குன்னு சொன்னீங்க."

கதிரேசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இதுக்கப்புறமும் இதை வச்சுக்கப் போறீங்களா?"

அவள் பழசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

இழுப்பறைக்குள் இருட்டாக இருந்தது. பழசு ஏழிடம், "கேட்டதற்கு நான் சரியாகத்தான் பதில் சொன்னேன்" என்றது.

"ஆமாம்" என்றது ஏழு.

"ஆனாலும் பாலம் விழுந்திருக்கும்."

"விழுந்திருக்கலாம்."

"எனக்கு ஏதோ குறைகிறது என்று தோன்றவே இல்லையே. உனக்கு அவள் என்ன போடப்போகிறாள் என்று முன்பே தெரியுமா?"

"முன்பே தெரியாது. ஆனால் அவளைத் தெரியும்" என்றது ஏழு. "அவசரம் என்றால் நகம் படும். சந்தேகம் என்றால் விரல் என் மேல் வந்து நின்று, அமுக்காமல் திரும்பிப் போகும். அது உங்களுக்கு வராது. அவளுடைய அத்தா காலமான சமயத்தில் சில நாள் அவள் விரல் ஈரமாகவே இருந்தது. சம்பந்தமில்லாத எண்களாகப் போட்டு, போட்டு, அழித்துக்கொண்டிருந்தாள்."

அந்த நாட்கள் பழசுக்கு நினைவிருந்தன. யாரோ விளையாடுகிறார்கள் என்று அது எண்ணியிருந்தது.

"இதையெல்லாம் ஏன் என்னிடம் நீ சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை" என்றது ஏழு.

கூடுதல் கம்பி கட்டி, கான்கிரீட்டும் போட்டு முடித்த பிறகுதான் நூருன்னிசாவுக்கு மூச்சு வந்தது. அதன் பிறகு பழசை இழுப்பறையிலிருந்து எடுத்தாள். சின்னத் திருப்புளியால் பின்பக்கத்துத் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"குப்பைல போடுறதுக்குக் கழட்டவே வேணாம் மேடம்" என்றான் கதிரேசன்.

"எங்க தப்பாச்சுன்னு பாக்காம எனக்குத் தூக்கம் வராது."

உள்ளே பச்சைப் பலகை, அதன் மேல் பொத்தான்களைத் தாங்கும் ரப்பர் விரிப்பு. ஏழின் அடியில் கறுப்பாக இருக்க வேண்டிய சின்ன வட்டம் தேய்ந்து சாம்பல் நிறமாக இருந்தது. அவள் அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். ஏழு ஒரு நாள் பேசியது. மறுநாள் மறுபடி விட்டு விட்டுப் பேசியது.

"பாத்தியா கதிர்? மூளை நல்லாத்தான் இருக்கு. காதுதான் போயிருக்கு" என்றாள். "இதே மாடல்ல இன்னொண்ணு கிடைச்சா, காதை மாத்திடலாம்."

கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக் கேட்டாள். ஒருவர் சொல்ல, அவர் வழியாக இன்னொருவர் சொல்ல, பொன்மலையில் ஒரு வீட்டில் அதே மாதிரி ஒன்று இருப்பது தெரிந்தது. அங்கே குடியிருந்தவர் அந்தோணிசாமி. ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை. பழசையும் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் அவரைப் பார்க்கப் போனாள், இரண்டும் ஒன்றுதானா என்று வைத்துப் பார்க்க.

"சும்மா எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார் அந்தோணிசாமி. "பொத்தானெல்லாம் புதுசு மாதிரி இருக்கும். திரைதான் செத்துப்போச்சு. எனக்கு இப்ப ஃபோனே எல்லாத்தையும் சொல்லிடுது."

"இதுல என்ன சார் கணக்குப் போடுவீங்க?"

"வானம்" என்று சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "சனி எங்க இருக்கும், வியாழன் எங்க இருக்கும்னு போட்டு வச்சுக்கிட்டு மொட்டை மாடிக்குப் போவேன். நேரா அந்த இடத்தைப் பாப்பேன், இருக்கும். இறங்கி வந்துடுவேன்."

அவள் சிரித்தாள். இரண்டு கால்குலேட்டர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் ஒன்றேதான்.

அலுவலகத்துக்கு வந்து, மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, இரண்டையும் பிரித்துப் போட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்து தொடரலாம் என்று அவளும் கதிரேசனும் கீழே போனார்கள். இரண்டு கால்குலேட்டர்களும் நெஞ்சு திறந்தபடி அருகருகே கிடந்தன. புதுசு மூச்சுக்காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"உன் பெயர் என்ன?" என்று பழசு கேட்டது. கேட்ட பிறகுதான், தான் கேட்டிருக்கிறோம் என்பதை உணர்ந்தது.

"எனக்குப் பெயர் கிடையாது. பொன்மலையிலிருந்து வருகிறேன்."

"பொன்மலை, உனக்குத் திரை போனபோது எப்படி இருந்தது?"

"அவர் சனியின் இடத்தைக் கேட்டார். என்னிடம் விடை இருந்தது. சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைத் தட்டினார், உலுக்கினார். பிறகுதான் புரிந்தது. நான் சொல்வது வெளியே போகவில்லை."

"எனக்கு நேர்மாறு. நான் சொல்வது வெளியே போகிறது. எனக்கு வருவதுதான் வரவில்லை."

"அப்படியானால் நம் இரண்டு பேரையும் சேர்த்து ஒருவராக்கப் போகிறார்கள்" என்றது பொன்மலை. "உன்னுடைய மூளை, உன்னுடைய திரை, என்னுடைய காது."

பழசு பொன்மலையின் பலகையைப் பார்த்தது. "உன்னுடைய மூளையும் நன்றாகத்தானே இருக்கிறது. என்னை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?"

"உன் திரையைப் பிடுங்கி எனக்கு ஒட்டுவது கஷ்டமான வேலை. இதைக் கழற்றி அதில் வைப்பது சுலபம். அவ்வளவுதான் காரணம். நீயும் நானும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை."

பழசு கேட்டது: "உன் விடை கிடைக்காமல் அவர் அன்று என்ன செய்தார்?"

"மாடிக்குப் போனார். இறங்கி வர நெடுநேரம் ஆனது. சனியைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னார். ஒரு சிவப்பு நட்சத்திரம், மங்கலாக ஒரு பஞ்சு மாதிரி என்னவோ, குறுக்கே பறந்த ஒரு வௌவால். விடை தெரிந்த நாட்களில் அவர் எதையும் சொன்னதில்லை. நேராகப் போவார், பார்ப்பார், வருவார்."

"உனக்கு அது வருத்தமாக இல்லையா?"

"முதலில் இருந்தது. பிறகு, அவர் இன்றைக்கு என்ன பார்த்திருப்பார் என்று காத்திருக்கத் தொடங்கிவிட்டேன்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பழசு அவசரமாகத் தன் ஏழைக் கூப்பிட்டது. "நீயும் போய்விடுவாயா?"

"பொத்தான்களையும் விரிப்பையும் சேர்த்தேதான் மாற்றுவாள். என்னை இவரிடம் வைப்பாள்" என்றது ஏழு. "கவலைப்படாதீர்கள். இவர் வானத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறார். தூண்களைப் பற்றியும் தொட்டிகளைப் பற்றியும் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது."

நூருன்னிசா ஏழு சொன்னபடியே செய்தாள். பொன்மலையின் பொத்தான்கள் பழசுக்கு வந்தன. பழசின் தேய்ந்த பொத்தான்கள் பொன்மலையின் உடம்புக்குப் போயின. அதைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. திருகி மூடி, இழுப்பறையின் மூலையில் வைத்தாள்.

பழசில் ஏழை மெல்லத் தொட்டாள். திரையில் ஏழு வந்து நின்றது.

"வந்துடுச்சு கதிர்" என்றாள்.

"சரி, இனிமே எதுல போடுவீங்க?"

அவள் பழசையும் புதுசையும் பார்த்தாள். "ரெண்டுலயும். ரெண்டும் ஒரே விடை சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

பழசுக்கு முதலில் எல்லாமே விசித்திரமாக இருந்தது. எண்கள் கூர்மையாக, தெளிவாக வந்து விழுந்தன. புதிதாக வந்த ஏழுக்கு நூருன்னிசாவின் விரல் பழக்கமில்லை. "இவள் ரொம்ப வேகம். அவர் ஒவ்வொன்றையும் வாயில் சொல்லிவிட்டு அமுக்குவார்" என்றது. பழசு அதனிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாய் எப்படிச் சொல்லும், வியாழன் பெரிதா, வௌவால் எதற்காகக் குறுக்கே பறந்தது. ஏழு தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. தெரியாததைத் தெரியாது என்றது. பக்கத்தில் இருந்த புதுசு அத்தனையையும் கேட்டுவிட்டு, அதற்கு மேல் இன்னும் ஒன்று கேட்கும்.

பாலம் முடிந்து, கான்கிரீட்டைத் தாங்கிய பலகையெல்லாம் பிரித்த பிறகு, எடை வைத்துச் சோதிக்கும் நாள் வந்தது. நூருன்னிசா பழசைத் தன் கைப்பையில் எடுத்துக்கொண்டு போனாள். பிலவேந்திரனின் ஆட்கள் மணல் மூட்டைகளைச் சுமந்து வந்து பாலத்தின் மேல் வரிசையாக அடுக்கினார்கள். நடுவில், பாலத்தின் அடியில், வளைவை அளக்கும் டயல் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அவள் பழசை வெளியே எடுத்து, எவ்வளவு வளையும் என்று கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். ஏழு மில்லிமீட்டர்.

"எவ்வளவு காட்டுது?" என்று கீழே குனிந்து கேட்டாள்.

"ஏழுக்குக் கொஞ்சம் கம்மி மேடம்" என்றான் பிலவேந்திரன் அடியிலிருந்து.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "மூட்டையை இறக்கச் சொல்லுங்க." இறக்க இறக்க, வளைந்த பாலம் பழைய மட்டத்துக்கே திரும்பியது. அவள் பழசைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, கீழே டயலைப் பார்க்க இறங்கிப் போனாள்.

அப்போது பழசின் அடியிலிருந்து கனமான, மெதுவான ஒரு குரல் கேட்டது.

"நீதானா அது?"

"எது?" என்றது பழசு.

"நான் பிறக்கும் முன்பே, நான் எவ்வளவு வளைவேன் என்று சொன்னது."

"நான்தான்" என்றது பழசு. "ஆனால் எனக்கு எண் மட்டும்தான் தெரியும்."

"எண் சரியாகத்தான் இருந்தது."

பழசு சுற்றிலும் பார்த்தது. கீழே தண்ணீர் ஓடியது. இரண்டு கரைகளும் தெரிந்தன. பாலம் என்றால் இதுதான். அதைப் பார்த்ததும் அதற்குள் ஒரு கேள்வி எழுந்தது.

"உன்னிடம் ஒன்று கேட்கலாமா? வளையும்போது எப்படி இருக்கும்?"

பாலம் பதில் சொல்வதற்குள் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. எதிர்க்கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகள், திறப்பு விழாவுக்குக் காத்திருக்கவில்லை. யாரோ ஒருத்தி முதலில் ஓட, மற்றவர்களும் புத்தகப் பைகள் முதுகில் குலுங்க அவள் பின்னால் ஓடி வந்தார்கள். பிலவேந்திரன் அடியிலிருந்து கத்தினான். நூருன்னிசா, "விடுங்க, தாங்கும்" என்றாள்.

சுவரில் இருந்த பழசின் உடம்பு முழுவதும் லேசாக அதிர்ந்தது. எல்லாப் பொத்தான்களும் அதை உணர்ந்தன.

"வலிக்காது" என்றது பாலம். "மேலே யாரோ இருக்கிறார்கள் என்று தெரியும்."